ஏரிக்கரையில் ஓர் ஆங்கில வகுப்பு

இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு மாலை, செபமாலை முடித்துப் பங்கு இல்லத்திற்குத் திரும்பிய நமக்காக வாசற்படியில் இருவர் காத்திருந்தனர். மீன்கூடையைத் தூணோரம் இறக்கி வைத்துவிட்டு நின்ற தாய் ஒருவர். அவருக்குப் பின்னால், முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற அவர் மகள். அரசுக் கல்லூரியொன்றில் மூன்றாண்டுகள் ஆங்கில இலக்கியம் பயின்று முதல் வகுப்பில் தேறியவள் அம்மகள். அக்குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் பிள்ளையும் அவளே. அன்று காலை, துறைமுகத்தை அடுத்த நிறுவனமொன்றில் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குச் சென்று வந்திருந்தாள்.

"மூணு வருசம் இங்கிலீசுதான் படிச்சா சாமி. அங்க போயி ஊமையாட்டம் ஒக்காந்துட்டு வந்திருக்கா" என்றார் தாய். அவர் குரலில் கோபத்தைவிடக் கலக்கமே மிகுந்திருந்தது. கூடை சுமந்து, கடனும் வாங்கிப் படிக்க வைத்தவர் அல்லவா!

நடந்தது இதுதான். தேர்வு நடத்தியவர் கேட்ட முதற் கேள்வி, "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பது. அதற்கு விடையாக, கடையில் விற்கும் வழிகாட்டி நூலொன்றிலிருந்து ஒரு பத்தியை இவள் நெட்டுருப் போட்டிருந்தாள். அதில் பெயரும் ஊரும் மட்டுமே இவளுடையவை. ஏனையவை யாவும் அந்நூலை எழுதியவருடையவை. மூன்றாம் வரி மறந்தது. அத்துடன் எல்லாம் மறந்தது. "பரவாயில்லை, தமிழிலேயே சொல்லுங்கள்" என்று அவர் இரங்கிக் கேட்டாராம். அதற்கும் இவளால் வாய் திறக்க முடியவில்லை.

இந்தக் கடைசிச் செய்திதான் அன்றிரவு நம்மை உறங்க விடவில்லை. ஆங்கிலத்தில் நா எழவில்லை என்றால் புரிந்துகொள்ளலாம். தாய்மொழியிலும் ஏன் எழவில்லை?

பழவேற்காட்டை அறியாத வாசக அன்பர்களுக்காகச் சில சொற்கள். சென்னைக்கு வடக்கே, தமிழகமும் ஆந்திரமும் பங்கிட்டுக்கொள்ளும் உவர்நீர் ஏரி இது. இந்தியாவில் சிலிகா ஏரிக்கு அடுத்தபடி பெரியது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்க, தென்முனையில் முகத்துவாரத்தை ஒட்டி நம் குப்பங்கள் அமைந்துள்ளன. ஏரியின் வடகிழக்கே ஸ்ரீஅரிக்கோட்டாவில் 1971 முதல் விண்வெளி ஏவுதளம் இயங்குகிறது. மேற்கே தடாவை அடுத்து 2008 இல் ஸ்ரீசிட்டி என்னும் தொழில் நகரம் எழுந்தது. தெற்கே வடசென்னை அனல்மின் நிலையம். 2001 முதல் எண்ணூர்த் துறைமுகம். பின்னர் வந்த காட்டுப்பள்ளித் துறைமுகம். இவ்வாறு ஏரியைச் சுற்றிலும் வேலை பெருகியிருக்க, ஏரிக்குள்தான் வேலை சுருங்கி வருகிறது. முகத்துவாரம் மணல் மூடித் தூர்ந்துபோகும் ஆண்டுகளில் இறாலும் இல்லை, மடவையும் இல்லை. "இந்தப் பொழப்பு என்னோட போவட்டும் சாமி" என்று சொல்லாத தகப்பனை நாம் இங்கு அரிதாகவே கண்டிருக்கிறோம். மகனோ மகளோ கரையேறி அந்த வேலைகளுள் ஒன்றைப் பற்ற வேண்டும் என்றால், அங்கே வாசலில் முதலில் நிற்பது ஆங்கிலம்.

அந்த அச்சத்தை நாம் அறியாதவர் அல்லேம். 1988 இல், தமிழ்வழியில் பள்ளி முடித்த உழவர் வீட்டுப் பிள்ளையாகக் குருமடம் புகுந்தோம். தத்துவமும் ஆங்கிலத்தில், அதட்டலும் ஆங்கிலத்தில். உணவறையில் முறைவைத்து நூல் வாசிக்கும் வழக்கம் அங்கு உண்டு. நம் முறை வந்த அன்று, தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' என்ற சொல்லை எழுத்துக்கு எழுத்து 'இஸ்லாண்ட்' என்று வாசித்தோம். நாற்பது பேர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அதன்பின் ஏறத்தாழ ஈராண்டுகள் 'யெஸ் ஃபாதர்', 'நோ ஃபாதர்' என்பவற்றுக்கு மேல் நாம் ஆங்கிலம் பேசியதில்லை. அப்பூட்டு திறந்தது வகுப்பறையிலன்று; வேலூரில், நோயாளரைச் சந்திக்க அனுப்பப்பட்ட ஒரு கோடை விடுமுறையில். வடகிழக்கு மாநிலத்திலிருந்து மகனை அழைத்து வந்திருந்த ஒரு முதியவருக்குத் தமிழ் தெரியாது. நமக்கு அவர் மொழி தெரியாது. இரவு இரண்டு மணிக்கு அவர் நம் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டபோது, இலக்கணம் நம் நினைவுக்கே வரவில்லை.

இவ்வளவு பட்டவர்கள் பிறருக்கு அதே தவற்றைச் செய்ய மாட்டார்கள் என்றுதானே எண்ணுவீர்கள்? நாம் செய்தோம். இந்தப் பங்கிற்கு வந்த புதிதில், மறைக்கல்வி அறையில் சனிக்கிழமை தோறும் மாலையில் ஆங்கில வகுப்பு ஒன்று தொடங்கினோம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த இளைஞன் ஒருவன், நல்ல துடிப்புள்ளவன், எழுந்து நின்று 'மை ஃபாதர் கோ டு லேக்' என்று தொடங்கினான். 'கோ' அன்று, 'கோஸ்' என்று திருத்தினோம். மீண்டும் தொடங்கினான். 'டு த லேக்' என்றோம். மூன்றாம் முறை அவன் தொடங்கவில்லை, உட்கார்ந்துவிட்டான். அடுத்த வாரம் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. ஈராண்டு கழிந்து, துறைமுகச் சாலையில் ஒப்பந்தக்காரரின் லாரியில் சுமை ஏற்றும் கூலியாளாக அவனைக் கண்டோம். ஏன் மேற்கொண்டு படிக்கவில்லை என்று வினவினோம். "எனக்கு இங்கிலீசு வராதுன்னு நீங்கதான ஃபாதர் சொன்னீங்க" என்றான் சிரித்துக்கொண்டே. நாம் அவ்வாறு சொன்னதில்லை. ஆயினும் அவன் காதில் விழுந்தது அதுதான்.

நேர்முகத் தேர்வில் தோற்று வந்த அம்மகளிடம் இக்கதையை நாம் சொன்னோம். சொன்ன பின்னர்தான் அவளும் தன் கதையைச் சொன்னாள். ஆறாம் வகுப்பில் குப்பத்தை விட்டு வெளியூர்ப் பள்ளியில் சேர்ந்தபோது, தமிழ் வகுப்பில் இவள் எழுந்து ஏதோ விடை கூறினாள். விடை சரிதான். ஆனால் கூறிய பேச்சு குப்பத்துப் பேச்சு. ஆசிரியர் அதை அப்படியே இழுத்துப் பேசிக் காட்டினாராம். வகுப்பு முழுதும் சிரித்ததாம். அன்று முதல், பாடநூலில் அச்சாகியுள்ள வாக்கியத்தைத் தவிர வேறெதையும் வகுப்பில் சொல்லக் கூடாது என்று இவள் முடிவு செய்துகொண்டாள். அந்த முடிவோடுதான் பதினோராம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப் படிப்பு எல்லாம். நம் தேர்வுகள் பெரும்பாலும் எழுதுகோலைத்தான் சோதிக்கின்றன என்பதால், வாயே திறவாமல் முதல் வகுப்பு வாங்குவதில் இவளுக்குத் தடையேதும் இருக்கவில்லை.

ஆக, ஆங்கிலத்துக்கு அஞ்சிய இவள் அதற்கு முன்பே தன் பேச்சுக்கு அஞ்சியிருக்கிறாள். பிறமொழி கற்பவரின் அச்சம் உலகெங்கும் உள்ளதே. 1986 இல் அமெரிக்காவில் எலேன் ஹார்விட்ஸ் என்பவரும் அவருடன் இருவரும் சேர்ந்து அவ்வச்சத்தை அளப்பதற்கென்றே 33 கூற்றுகள் கொண்ட வினாத்தாள் ஒன்றை வகுத்தனர். பிறர் நகைப்பார்களோ என்னும் கூச்சம் அவற்றுள் முக்கியமான ஒன்று. நம் குப்பத்துப் பிள்ளைகளிடமோ அக்கூச்சம் இரண்டு அடுக்காக இருக்கிறது. கீழ் அடுக்கைத் தொடாமல் மேல் அடுக்கைச் சுரண்டுகிறார்கள், முப்பதே நாளில் ஆங்கிலம் பேச வைப்பதாகச் சுவரொட்டி ஒட்டுபவர்கள்.

இப்பிள்ளைகளுக்கு மொழி கற்கும் திறன் குறைவோ என்று ஐயுறுபவர்கள் ஒரு நாள் நம் கரையில் நின்று பார்க்க வேண்டும். வடகரையிலிருந்து வரும் வியாபாரியிடம் பத்து வயதுச் சிறுவன் தெலுங்கில் நண்டுக்கு விலை பேசுகிறான். எந்தப் பள்ளியிலும் அவன் அதைப் படித்தவனல்லன். அவன் பேசும் தெலுங்கில் எத்தனை பிழையோ, யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. தெலுங்கு தவறினால் நண்டின் விலை இரண்டு ரூபாய் குறையலாம், மானம் குறைவதில்லை. ஆங்கிலம் தவறினால் மட்டும் ஏன் மானம் போகிறது? அதை நாம் மொழியாக வைத்திருக்கவில்லை, மேட்டுக்குடியின் மேல்துண்டாக வைத்திருக்கிறோம்.

அந்நிய மொழி இவ்வூருக்குப் புதியதுமன்று. போர்த்துக்கீசியர் வந்த காலந்தொட்டு இங்கு மகிமை மாதா ஆலயம் உண்டு. 1610 இல் ஒல்லாந்தர் வந்தனர். 1613 இல் கெல்திரியா கோட்டையைக் கட்டினர். 1690 இல் நாகைக்கு மாற்றிக்கொள்ளும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு இதுவே தலைமையிடம். 1630களில் ஆபிரகாம் ரோசேரியசு என்னும் ஒல்லாந்தப் போதகர் இங்கே தங்கி, பத்மநாபன் என்ற அந்தணரிடம் இந்து சமயம் பற்றிக் கேட்டறிந்தார். போதகருக்கு வடமொழி கைவரவில்லை. அந்தணருக்கு ஒல்லாந்த மொழி தெரியாது. இருவரும் போர்த்துக்கீசிய மொழியில் உரையாடினர். இருவருக்குமே அது தாய்மொழியன்று! அவ்வுரையாடலில் பிறந்த நூல் 1651 இல் லெய்டனில் அச்சேறியது. பர்த்ருஹரியின் வடமொழிப் பாடல்கள் ஐரோப்பிய மொழியொன்றுக்குச் சென்ற முதல் தடவை அது என்பர் அறிஞர். பத்மநாபனின் போர்த்துக்கீசிய இலக்கணம் எவ்வாறு இருந்தது என்று இன்று எவரும் கேட்பதில்லை.

இன்றைய நிலையும் இதுவே என்பதைச் சென்னைத் துறைமுகத்தில் ஒரு கப்பலில் ஏறியபோது கண்டோம். மாலுமிகளிடையே பணியாற்றும் குரு நண்பர் ஒருவர் நம்மை உடன் அழைத்துச் சென்றிருந்தார். சமையற்காரர் பிலிப்பைன்சு நாட்டவர், பொறியாளர் உக்ரைன் நாட்டவர், மற்றொருவர் வங்காளி. மூவரும் தத்தம் நாவுக்கு வந்தபடி ஆங்கிலத்தை உடைத்துப் பேசினர். அதைக் கொண்டுதான் அப்பெருங்கப்பல் கடலைக் கடந்து வந்திருந்தது. நம் நண்பர் விளக்கினார்: பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2001 இல் கப்பலோட்டிகளுக்கென ஆங்கிலத் தொடர்களின் தொகுப்பு ஒன்றை ஏற்றுக்கொண்டது, அதன் நோக்கம் சொல்லழகு அன்று, ஐயத்துக்கு இடமில்லாமை. குறுகிய வாக்கியம், ஒரு சொல்லுக்கு ஒரே பொருள், கேட்டதைத் திரும்பச் சொல்லி உறுதி செய்தல். நம் ஏரிக்கரைப் பிள்ளைகள் வேலை தேடிச் செல்லும் துறைமுகத்தில் பயன்படும் ஆங்கிலம் இத்தகையது. இவர்களோ கவிஞர்களின் அணிநலம் பற்றிப் பத்து மதிப்பெண் விடை எழுதிவிட்டு, "கப்பல் நாளைக்கு வரும்" என்று சொல்ல நடுங்குகிறார்கள். கவிதை வேண்டாம் என்பது நம் கட்சியன்று, அதுவும் வேண்டும். ஆனால் அது வாயைப் பூட்டுவதற்கு உதவலாகாது.

மறுபடி அம்மகளிடம் வருவோம். நெட்டுருப் பத்தியைக் கிழித்தெறியச் சொல்லிவிட்டு, ஒரு சனிக்கிழமை அவளிடம், "பாடு என்கிறீர்களே, அது என்னம்மா? நாம் வயற்காட்டுப் பிள்ளை, நமக்குத் தெரியாது" என்று கேட்டோம். இது நடிப்பன்று, உண்மையிலேயே நாம் அதை அரைகுறையாகத்தான் அறிந்திருந்தோம். தமிழில், தன் குப்பத்துத் தமிழில், அரை மணி நேரம் விளக்கினாள். ஏரியில் இறாலுக்கு வலை கட்டும் இடங்கள் குறிக்கப்பட்டவை. அவை எவருக்கும் நிலையான சொத்தன்று. உரிமையுள்ள குடும்பங்களுக்குள் முறைவைத்துச் சுற்றி வரும். யாருக்கு எந்த முறை என்பது குலுக்கலால் தீரும். மீறினால் ஊர் கூடித் தண்டம் விதிக்கும். நல்ல இடமும் மோசமான இடமும் எல்லாருக்கும் மாறி மாறி வருவதால் வயிற்றெரிச்சலுக்கு வழி குறைவு. "இதையே தமிழ் தெரியாத ஒருவருக்குச் சொல்" என்றோம். விழித்தாள். பிறகு, 'டுடே அவர் டர்ன். டுமாரோ தேர் டர்ன். லாட் போடுவோம்... லாட் இஸ் புட். நோ ஃபைட்' என்றாள். நாம் நாக்கைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தோம். திருத்தாமல் இருப்பது திருத்துவதைவிடக் கடினமான தவம் என்பதை அன்று கண்டோம். மூன்று நிமிடம் பேசினாள். தன் வாழ்நாளில் ஆங்கிலத்தில் அவள் சொந்தமாகப் பேசிய முதல் மூன்று நிமிடங்கள் அவை என்று பிறகு சொன்னாள்.

அதன்பின் வகுப்பின் முறையையே மாற்றிக்கொண்டோம. ஒவ்வொருவரும் மற்றவர்க்குத் தெரியாத ஒன்றை விளக்க வேண்டும்: வலை பின்னுவது, நண்டின் காலைக் கட்டுவது, படகு எஞ்சினைப் பிரிப்பது. முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில். பேசி முடிக்கும் வரை குறுக்கிடலாகாது. பிழைகளை நாம் ஒரு தாளில் குறித்து வைத்து, இறுதியில் பெயர் சொல்லாமல் இரண்டை மட்டும் கரும்பலகையில் எழுதுவோம். அரசும் 2022 இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் வழியாகக் கல்லூரிகளில் மொழித் திறனும் வேலைத் திறனும் பயிற்றுவிக்கிறது, நல்லதே. ஆனால் அறுபது பேர் வகுப்பில் ஒரு மணி நேரத்தைப் பங்கிட்டால் ஒருவருக்குக் கிடைப்பது ஒரு நிமிடம். மீதியைக் கொடுக்க வேறு இடம் வேண்டும். பங்குகளில் பூட்டிக் கிடக்கும் மறைக்கல்வி அறைகள் எத்தனை!

இடையில் ஒன்று நடந்தது. துறைமுகப் பணி தொடர்பான ஆவணம் ஒன்று ஊர்ப் பெரியவர்களின் கைக்கு வந்தது. தடித்த ஆங்கில நூல். 2006 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி, பொதுமக்கள் கருத்துக் கேட்புக்கு முன் இத்தகைய அறிக்கையின் சுருக்கம் வட்டார மொழியிலும் தரப்பட வேண்டும், சுருக்கம்தான், முழுமையன்று. முழுமையில் என்ன உள்ளது என்று அறியப் பெரியவர்கள் விரும்பினர். வழக்கறிஞரைத் தேடிப் பொன்னேரிக்குப் புறப்பட்டவர்களை நாம் தடுத்து, "உங்கள் குப்பத்திலேயே ஆங்கிலம் படித்த பெண் இருக்கிறாளே" என்றோம். வலைக் கூடத்தில், விளக்கொளியில், இருபது ஆண்கள் சுற்றி அமர்ந்திருக்க, அவள் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னாள். "இதுல நம்ம பாடு எங்க இருக்கு, பாத்துச் சொல்லு தாயி" என்றார் தலைவர். பக்கங்களைப் புரட்டித் தேடினாள். தெரியாத சொல் வந்தபோது, "தெரியல மாமா, பாத்துட்டு நாளைக்குச் சொல்றேன்" என்றாள் தயங்காமல். அறிக்கையின் நிறைகுறைகளுக்கு இது இடமன்று. நாம் கவனித்தது அவள் குரலை. அவளுக்கு ஆங்கிலம் தெரியுமா என்று அன்று எவரும் சோதிக்கவில்லை. அவள் சொல்வது அவர்களுக்குத் தேவைப்பட்டது, அவ்வளவே.

அடுத்த நேர்முகத் தேர்விலும் அவள் தேறவில்லை, இதை மறைப்பதற்கில்லை. வேலை என்பது பேச்சால் மட்டும் கிடைப்பதன்று. கணினிப் பயிற்சி கேட்டார்கள், அவளிடம் அது இல்லை. பொன்னேரியில் மூன்று மாதம் பயின்றாள். கடைசிப் பேருந்தைத் தவறவிட்டால் பழவேற்காடு திரும்ப வழியில்லை என்று தாய் ஒவ்வொரு நாளும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் முறை, கப்பல் சரக்குகளுக்கு ஆவணம் தயாரிக்கும் அலுவலகமொன்று அழைத்தது. அங்கிருந்தவர் வேலையை விளக்கும்போது, வந்த கப்பல்கள் எல்லாம் உடனே கரையணைய முடியாது, இடம் கிடைக்கும்வரை வெளியே முறைக்குக் காத்திருக்கும் என்றாராம். இவள், 'சார், வீ ஹேவ் திஸ் இன் அவர் வில்லேஜ்' என்று தொடங்கிப் பாடு முறையை விளக்கியிருக்கிறாள். அவர் எழுதுகோலை வைத்துவிட்டுக் கேட்டாராம். எத்தனை பிழை விட்டாய் என்று நாம் கேட்டதற்கு, "எண்ணல ஃபாதர்" என்றாள். சம்பளம் பெரிதன்று. முதல் மாதச் சம்பளத்தில் தாய்க்கு ஒரு புடைவையும், நமக்கு ஒரு பெட்டி சுண்ணக்கட்டியும் வந்தன.

பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்வோம். பிள்ளை ஆங்கிலத்தில் ஏதாவது சொல்லிப் பார்க்கும்போது, "பெரிய தொரை வீட்டுப் புள்ள" என்று கேலி செய்வதை விடுங்கள். விளையாட்டாகச் சொல்வதுதான், ஆனால் எங்கே போய்த் தைக்கிறது என்று தெரிவதில்லை. நம்மைப் போன்ற குருக்களுக்கும் இது பொருந்தும். ஞாயிறு தோறும் மறுமொழி வராத இடத்தில் நின்று பேசிப் பழகியவர்களாதலால், பிறர் தடுமாறும்போது பொறுத்துக் கேட்கும் பழக்கம் நமக்குக் கொஞ்சம் குறைவு.

லாரியில் சுமை ஏற்றும் அந்த இளைஞனைப் பற்றிக் கேட்பீர்கள். அவன் தங்கை சென்ற ஆனி மாதம் வகுப்பில் சேர்ந்தாள். சனிக்கிழமைகளில் அவன்தான் அவளை வண்டியில் கொண்டுவந்து விட்டு, முடியும்வரை வெளிச்சுவரில் சாய்ந்து நிற்கிறான். உள்ளே வா என்று இருமுறை அழைத்தோம். "பரவால்ல ஃபாதர், இங்கயே காத்து வருது" என்றான். நாம் வற்புறுத்தவில்லை. போன வாரம் அத்தங்கை முகத்துவாரம் மூடிப்போன கதையை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கி, அச்சொல்லுக்கு ஆங்கிலம் தெரியாமல் நின்றாள். வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை. நாமும் சட்டென்று நினைவு வராமல் விழித்தோம். சன்னலுக்கு வெளியிலிருந்து, 'பார்மௌத்' என்று ஒரு குரல் வந்தது. கரும்பலகையில் அதை எழுதினோம். எழுத்துக் கூட்டல் சரிதானா என்று சன்னலைப் பார்த்துக் கேட்டோம்.